துரை தொட்ட மாடுகள்

பசு டாம்சல் அசை போடவில்லை என்று சொல்வதற்காகக் காரியஸ்தர் ரட் சாப்பாட்டு அறைக்குள்ளேயே வந்துவிட்டார். அவர் கொல்லைக் கதவைத் தாண்டுகிற ஆள் இல்லை. எது நடந்தாலும் வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லி அனுப்பிவிட்டு வெளியே நிற்பவர், இன்று சேற்றுக் காலோடு கம்பளத்தின் ஓரம் வரை வந்து தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததுமே கில்பர்ட் ஹாலம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நேத்து சாயங்காலம் பாதிப் பால்தான் குடுத்துச்சு, தொரை. இன்னிக்கு காம்பையே தொட விடல. காது சில்லுன்னு கிடக்கு. உடம்பு நடுங்குது."

"குளிருக்கு நடுங்கும்."

"குளிருன்னா மத்ததும்ல நடுங்கணும்."

மேசையின் எதிர்ப்பக்கத்தில் அவர் மனைவி லவினியா முட்டை ஓட்டைத் தட்டுவதை நிறுத்தினாள். "நோய் அண்டாம இருக்க வெங்காயம் கட்டச் சொன்னேனே ரட், கட்டினியா இல்லியா?"

"கட்டியாச்சும்மா. கொட்டில் பூரா தோரணமாத் தொங்குது. மாடு பொழைக்குதோ இல்லியோ, நமக்கு சூப்புக்கு ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ரட்டும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. பயம் வந்தால் அவருக்கு வாய் அப்படிப் போகும்.

அந்த வருஷம் இங்கிலாந்தின் செஷயர் முழுக்க வெக்கை நோய். மாட்டுக்குக் கண்ணில் நீர் வழியும், வாயில் நுரை வரும், பிறகு ரத்தமாகக் கழியும், பிறகு விழும். ஒரு கொட்டிலில் ஒன்று விழுந்தால் மற்றவையும் விழும். பாலையும் பாலாடைக்கட்டியையும் தவிர வேறு பிழைப்பு இல்லாத மாவட்டம் அது. அறுபது மாடு கட்டியிருந்த தொழுவங்களில் காற்று மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. ஹாலமின் மார்ல்ஸ்காட் எஸ்டேட்டில் மட்டும் நோய் நுழையாமல் இருந்தது. அவர் ஊருக்கு நிலக்கிழார், மாஜிஸ்திரேட்டும்கூட. கடுமையான உத்தரவுகள் போட்டார். நோய் கண்ட மாட்டை உடனே கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். நோய் கண்ட கொட்டிலுக்குள் கால் வைத்தவன் செருப்பும் துணியும் மாற்றாமல் இன்னொரு கொட்டிலின் பக்கம் போகக்கூடாது. மீறினால் சிறை.

போன வாரம் எஸ்டேட்டின் எல்லையில் ஈனாக் பர்ச்சின் பண்ணையில் நோய் வந்தது. அவனுடைய செவலை மாடுகளைக் கொல்லும்போது ஹாலம் நேரில் நின்றார். அதோடு போயிற்று என்று ஊர் மூச்சுவிட்டது.

இப்போது டாம்சல். அவருடைய சொந்தப் பண்ணையில், அவருடைய வெள்ளைப் பசு.

முன்கூடத்தில் தொப்பியை எடுத்தார். தூணோரத் தாங்கியிலிருந்து கைத்தடியை எடுத்தார். எடுத்தது அவருக்குத் தெரியாது. மூச்சு விடுவது யாருக்குத் தெரிகிறது?

கொட்டிலில் வெங்காய நாற்றமும் சாண நாற்றமும் தாரின் நாற்றமும் கலந்து கிடந்தன. மற்ற மாடுகள் வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தன. டாம்சல் மட்டும் சுவரைப் பார்த்து நின்றது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. தோலுக்கு அடியில் ஒரு நடுக்கம் தோளிலிருந்து கிளம்பி வால்வரை ஓடி, திரும்பத் தோளிலிருந்து கிளம்பியது. பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. இடது கண்ணிலிருந்து முகத்தின் வெள்ளை மயிரில் ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்தது.

"வாயைப் பாக்கணும்" என்றார் ஹாலம். வழக்கம்போலத் தடியின் நுனியால் உதட்டைத் தூக்கப் போனார். நுனியில் இரும்புப் பூண். பூணும் மரமும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய பள்ளம். உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் அவர் கை நின்றது.

பள்ளத்தில் பழுப்பாக எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் நாலைந்து மயிர்கள் சிக்கியிருந்தன. செவலை மயிர்.

மார்ல்ஸ்காட் சொந்தப் பண்ணையில் செவலை மாடு கிடையாது.

"என்ன தொரை?"

"ஒண்ணுமில்ல." தடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மறு கையால் டாம்சலின் உதட்டை விலக்கினார். ஈறு முழுக்கத் தவிட்டைத் தூவினதுபோல் இருந்தது. எச்சில் அவருடைய விரல்களில் வழிந்து கோட்டின் கைமடிப்புக்குள் இறங்கியது.

"அதேதான்" என்றார் ரட். தொப்பியை மறுபடியும் கசக்கினார். "யாரு கொண்டாந்தான்னு எனக்குத் தெரியும். அந்த சேத் கோர்ஸ்ட் நாய்தான். பர்ச் வீட்டுல குழி வெட்டப் போயிட்டு அதே காலோட நம்ம மேய்ச்சல் வழியாத்தானே நடந்து போனான்? நீங்க அவனை ரெண்டு வாரம் உள்ள தள்ளினது பத்தாது, தொரை. தோலை உரிச்சிருக்கணும்."

சேத் கோர்ஸ்ட், விதவை தபிதா ஓக்ஸின் பண்ணையாள். பர்ச்சுக்கு உதவிக்குப் போனவன். நீதிமன்றத்தில் அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "செருப்பை நல்லாக் கழுவினேன் தொரை, என்கிட்ட வேற செருப்பு இல்ல" என்றான். ஹாலம் அவனுக்குச் சட்டத்தைப் பற்றி நீளமாகச் சொல்லிவிட்டுச் சிறைக்கு அனுப்பினார்.

"நான் வர்ற வரைக்கும் கோடாரி எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அன்று பர்ச் வீட்டிலிருந்து திரும்பியதும் அவர் செய்தது எல்லாம் சரிதான். செருப்பை மாற்றினார். கோட்டை மாற்றினார், தொப்பியை மாற்றினார், கையை வினிகரில் கழுவினார். உத்தரவு போட்டவரே அதைக் கடைப்பிடிக்கிறார் என்று ஒரு திருப்திகூட இருந்தது. மறுநாள் சுத்தமான உடுப்பில் தபிதா ஓக்ஸின் பண்ணைக்குப் போனார். தடியை எடுத்துக்கொண்டு போனார்.

போயிருக்கவே வேண்டாம். ஆனால் மார்ல்ஸ்காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. துரை சுற்றி வரும்போது குத்தகைக்காரன் மாடுகளை முற்றத்தில் நிறுத்துவான். துரை ஒவ்வொன்றின் முதுகிலும் தடியால் தட்டுவார், சிலதின் வாயைத் திறந்து பார்ப்பார். அவர் அப்பாவும் அப்படித்தான். தட்டினால் குத்தகை பத்திரம். தட்டாமல் போனால், வருகிற லேடி டே அன்று, குத்தகை புதுப்பிக்கிற அந்த மார்ச் மாத நாளில், பண்ணை வேறு கைக்குப் போகப் போகிறது என்று அர்த்தம். அப்படி யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இரண்டு குடும்பங்கள் அப்படித்தான் வெளியேறின. நோய்க்காக அவர் குளிர்காலம் முழுக்கச் சுற்றாமல் இருந்ததில் குத்தகைக்காரர்கள் தூக்கம் கெட்டுப் போனார்கள். சர்ச் வாசலில் தபிதா அவர் கோட்டைப் பிடிக்காத குறையாக, "எங்க பக்கம் வரவே மாட்டேங்கிறீங்களே, தொரை" என்று கேட்டாள். லேடி டேக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பாவம் என்று போனார்.

எல்லாவற்றையும் தட்டினார். அதற்கு மறுநாள் டாம்சலைத் தட்டினார்.

படிப்பறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. தடியைக் குறுக்காக அதில் போட்டார். அது சீக்கிரம் பிடிக்கவில்லை. அவர் குனிந்து நின்று ஊதினார். கன்னம் சுட்டது.

"கைத்தடியையா போட்டீங்க?" லவினியா வாசலில் நின்றாள். "உங்கப்பா தடியாச்சே?"

"விரிசல் விட்டுடுச்சு."

"விரிசல் விட்டா ஆசாரிகிட்ட குடுப்பாங்க. உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

மரம் எரிந்து பூண் கழன்று சாம்பலில் விழும் சத்தம் கேட்டது. அது எரியாது. அவர் இடுக்கியால் அதை ஆழப் புதைத்தார். மாட்டுக் கொட்டிலிலிருந்து நேரே இங்கே வந்திருக்கிறோம், கைகூடக் கழுவவில்லை என்பது அப்போது அவர் நினைவில் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தபிதாவின் மாடுகள் எப்படி இருக்கின்றன?

உள்ளே போகக்கூடாது. பாதையிலிருந்து எட்டிப் பார்த்தால் போதும். மாடுகள் நன்றாக நின்றால், இது டாம்சலோடு முடியும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். சேத் இன்னும் ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடுவான். ஒரு வாரம் என்ன பெரிய விஷயம்?

இப்படி நினைத்துக்கொண்டேதான் நடந்தார். தடி இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப்பையில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டினார். பனியும் மழையும் கலந்து தூறியது.

ஓக்ஸ் பண்ணைக்குப் போகும் வண்டிப்பாதை பள்ளமானது. இரண்டு பக்கமும் ஆள் உயர முள்வேலி. பண்ணையின் மர கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. கேட்டின் அடியில் வைக்கோலைச் சுண்ணாம்பில் நனைத்துப் பரப்பியிருந்தார்கள். அவருடைய உத்தரவுதான். தபிதா அதை அச்சுப் பிசகாமல் செய்திருந்தாள்.

கொட்டிலின் பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. மாடுகளின் மூச்சு மட்டும் ஆவியாக வெளியே வந்தது. அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"தொரையா?" தபிதா பால்வாளியோடு வெளியே வந்தாள். அகன்ற உடம்பு, முழங்கைவரை சிவந்த கைகள். "தூத்தல்ல ஏன் நிக்கிறீங்க? சங்கிலியை எடுத்துவிடறேன் இருங்க."

"வேண்டாம், ஓக்ஸம்மா. உள்ள வரல. சும்மா இப்படிப் போனேன். மாடெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு." அவள் கண் அவருடைய முகத்திலிருந்து கைக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. "தடி எங்க?"

"வீட்டுல விட்டுட்டேன்."

"நீங்களா? தடியில்லாம நீங்க சர்ச்சுல மண்டி போட்டுக்கூட நான் பாத்ததில்லியே."

"மறந்துட்டேன்மா."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பால் அலம்பிச் சிந்தியதை அவள் பார்க்கவில்லை. "யாருக்குக் குடுக்கறீங்க?"

"என்ன?"

"பண்ணையை. அடுத்த வாரம் லேடி டே. உள்ள வர மாட்டேங்கிறீங்க. தடி கொண்டாரல. மாட்டைத் தட்ட மாட்டீங்க. எனக்கென்ன புரியாதா? சேத் செஞ்ச காரியத்துக்குத்தானே? அவனை நான் போகவே வேண்டாம்னேன், தொரை. சத்தியமா சொன்னேன். ஈனாக் தனியாக் குழி வெட்டிட்டு அழறான்னு போயிட்டான் மடையன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பண்ணை உங்களோடதுதான்."

"அப்ப தட்டுங்க."

"ஓக்ஸம்மா..."

"போன வாரம் தட்டினீங்க. நல்ல மாடுன்னீங்க. ஒரு வாரத்துல என்ன கெட்டுப்போச்சு? வந்து பாருங்க. நீங்க வர வேணாம், நானே ஓட்டியாறேன்." அவள் ஏற்கெனவே திரும்பிக் கொட்டிலின் கதவைத் தள்ளியிருந்தாள். "தண்ணிக்கு விடற நேரந்தான். செரி! ஏய் செரி! வா, தொரை வந்திருக்காரு பாரு!"

ஹாலம் வேண்டாம் என்றார். அது அவருக்கே கேட்கவில்லை.

மாடுகள் வந்தன. முன்னால் ஒற்றைக் கொம்பு உடைந்த செரி. அதன் பின்னால் மற்றவை, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வயிறு ஆடிக்கொண்டு. கேட்டண்டை ஆள் நின்றால் ஏதாவது தின்னக் கிடைக்கும் என்று அவற்றுக்குத் தெரியும். அவர் கண்களைப் பார்த்தார். ஈரமாக இருந்தன. எல்லா மாட்டின் கண்ணும் ஈரம்தான். இந்தக் குளிரில் எந்தக் கண் ஈரமில்லாமல் இருக்கும்? எது நோய், எது தூறல்? ஒன்று செருமியது. எது செருமியது?

செரி கேட்டின் மேல்கட்டைக்கு மேலே தலையை நீட்டியது. மூக்குத் துவாரம் விரிந்தது. நாக்கு வெளியே வந்து, அவருடைய வலது கைமடிப்பை நோக்கி வளைந்தது.

அப்போதுதான் அவர் பார்த்தார். கைமடிப்பில் டாம்சலின் எச்சில். காயாமல், பளபளவென்று, நூலாகத் தொங்கிக்கொண்டு.

அவர் பின்னால் துள்ளினார். முதுகில் முள் ஏறியது. பாதை அவ்வளவுதான் அகலம். கேட்டுக்கு மேலே இன்னும் இரண்டு தலைகள் வந்தன, மூன்று வந்தன. மூக்குகள் அவரை நோக்கி நீண்டன. சங்கிலி கிறீச்சிட்டது. தபிதா மாடுகளுக்கு நடுவே புகுந்து வந்து, ஓட்டுகிற மெல்லிய கம்பை அவரிடம் நீட்டினாள்.

"தடி இல்லாட்டி என்ன? இதால தட்டுங்க. ஒரே தட்டு. செரியை மட்டும் தட்டுங்க போதும்." சிரித்துப் பேசப் பார்த்தாள். "இல்லாட்டி கையால தொடுங்களேன் தொரை. உங்க கைதானே? எங்க மாடு ஒண்ணும் கடிக்காது."

"பக்கத்துல கொண்டுவராதே!" அவர் கத்தினார். குரல் பிளந்து, பெண்குரல்போல வந்தது. "ஓட்டு! எல்லாத்தையும் பின்னால ஓட்டு! என் மேல நோய் இருக்கு!"

தபிதாவின் கம்பு அந்தரத்தில் நின்றது.

"டாம்சலுக்கு வந்துடுச்சு. இப்பதான் அதோட வாயைத் திறந்து பார்த்தேன். கோட்டுல இருக்கு."

ஒரு நொடிதான் அவள் நின்றாள். பிறகு கம்பைச் சுழற்றி செரியின் முகத்தில் அடித்தாள். அவள் மாட்டை அடித்து அவர் பார்த்ததில்லை. மாடுகள் மிரண்டு, சறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திரும்பின. அவள் கத்திக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிலுக்குள் அடித்து ஏற்றித் தாழ் போட்டாள். தாழைப் பிடித்துக்கொண்டே முதுகைக் காட்டி நின்றாள்.

"படுபாவி சேத்" என்றாள். "அவன்தான் உங்க மேய்ச்சல்ல நடந்தான். எல்லாரும் சொன்னாங்க. நான் நம்பல. பாவி, இங்கயும்தானே நடந்தான்."

அங்கேயே விட்டிருக்கலாம். அவள் அப்படியேதான் நம்பிக்கொண்டிருப்பாள், ரட் நம்புவதுபோல. ஹாலம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கலாம். ஆனால் மாடுகள் அந்தக் கொட்டிலுக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. அவர் தடி வாய்க்குள் போனது எது, போகாதது எது என்று யாரும் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டும் என்றே யாருக்கும் தெரியாது. நல்ல மனதால் அல்ல, கொட்டிலுக்குள்ளிருந்து மறுபடியும் ஒரு செருமல் கேட்டதால்தான் அவர் பேசினார்.

"சேத் இல்ல. நான்தான்."

அவள் திரும்பினாள்.

"பர்ச் வீட்டு மாட்டோட வாய்க்குள்ள தடியை விட்டுப் பார்த்தேன். செருப்பு மாத்தினேன், கோட்டு மாத்தினேன். தடியை மாத்தணும்னு தோணல. மறுநாள் அதையேதான் இங்க கொண்டுவந்தேன்."

தபிதா தாழிலிருந்து கையை எடுத்தாள்.

"அதனாலதான் தடி இல்லியா?"

"எரிச்சுட்டேன்."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னா?"

அவர் தலையைத் தொங்கப் போட்டார்.

"முதல்ல எதைத் தட்டினீங்க?"

"ஞாபகம் இல்ல, ஓக்ஸம்மா."

"எனக்கு இருக்கு. செரியை. பல்லைப் பாக்கணும்னு தடியை வாய்க்குள்ள விட்டீங்க. நல்ல பல்லுன்னீங்க. அதை நான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." அவள் அழவில்லை. குரல் மட்டும் தட்டையாகிவிட்டது. "அப்புறம் செரி பக்கத்துல நின்ன ரெண்டு கிடேரி. அந்த மூணையும் பிரிச்சு மேட்டுக் கொட்டகைல கட்டறேன். லேட்டா இல்லியான்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சேத் ஜெயில்ல இருக்கான்."

"இன்னிக்கே விடச் சொல்றேன்."

"நீங்க எத்தனை நாள் உள்ள போவீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "கோட்டைக் கழட்டுங்க" என்றாள்.

"என்ன?"

"கழட்டிப் பாதையில போடுங்க. செருப்பையும். அதோட ஒரு அடி எடுத்து வெச்சீங்கன்னா நான் நாயை அவுத்து விடுவேன்."

மார்ல்ஸ்காட்டின் துரை கோட்டைக் கழற்றினார். வேலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று செருப்பைக் கழற்றினார். தபிதா கேட்டுக்கு மேலேயிருந்து வாளிச் சுண்ணாம்பை வீசினாள். பாதி அவற்றின் மேலும் பாதி அவர் காலுறையின் மேலும் விழுந்தது. சட்டையோடு, சேற்றில் காலுறை சப்பென்று ஒட்ட, அவர் வீடுவரை நடந்தார். வழியில் ஒருவரும் எதிர்ப்படவில்லை. அதற்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று மத்தியானம் டாம்சல் கோடாரிக்கு விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஹாலம் மற்ற இரண்டு மாஜிஸ்திரேட்டுகளிடமும் போய் நடந்ததைச் சொன்னார். ஒருவர் அவருக்கு மது ஊற்றிக் கொடுத்தார். இன்னொருவர், "தடிக்கெல்லாமா கில்பர்ட் நாம சட்டம் போட்டோம்?" என்று தோளில் தட்டினார். சேத்தை விட்டுவிட்டார்கள். துரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது என்று போகும்போதே அவருக்குத் தெரிந்திருந்ததா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

செரி மூன்றாம் நாள் விழுந்தது என்று ரட் வந்து சொன்னார். கொல்லைக் கதவிலேயே நின்று சொன்னார். கிடேரிகளைப் பற்றித் தெரியாது. தபிதா யாரையும் பக்கத்தில் விடவில்லை.

அதிலிருந்து காலையில் எழுந்ததும் ஹாலம் மேட்டுக்கு ஏறுகிறார். அங்கிருந்து ஓக்ஸ் பண்ணையின் பால் அறைப் புகைக்கூண்டு தெரியும். கறந்த பாலைக் காய்ச்ச அவள் அடுப்பு மூட்டினால் புகை வரும். புகை வந்தால் பால் இருக்கிறது. பால் இருந்தால் மாடு இருக்கிறது.

ஒருநாள் மேட்டிலிருந்து இறங்கும்போது பாதையில் சேத் கோர்ஸ்ட் எதிரே வந்தான். ஒதுங்கி நின்றான். தொப்பியை எடுக்கவில்லை.

"நடக்கச் சிரமமா இருக்கா, தொரை?" என்றான். "வேலில நல்ல கம்பா ஒண்ணு வெட்டித் தரட்டா?"

"உங்க பண்ணையில..." ஹாலம் பாதியில் நிறுத்தினார். எத்தனை மாடு மிச்சம் என்று கேட்க வேண்டும். கேட்டால் அவன் சொல்லிவிடுவான். "ஓக்ஸம்மா நல்லாருக்காங்களா?"

"நல்லா அடுப்பு ஊதுறாங்க" என்று மேட்டை நிமிர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டு சேத் போய்விட்டான்.

மறுநாள் காலையிலும் அவர் மேட்டுக்கு ஏறினார். புகை வந்தது. நேற்றைவிட மெலிந்த புகை. காற்று இல்லாததால் அப்படித் தெரிகிறதா, பால் குறைந்ததால் அப்படியா? அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது நிற்கிறவரை நின்றார். பிறகும் நின்றார்.